ரெசலூட்டிலிருந்து கிரீஸ் ஃபியோர்டுக்கு: தூரமும் பறக்கும் நேரமும் நீங்களே கணக்கிட முழுமையான வழிகாட்டி

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கனடாவின் வடகோடியில், நூனவுட் பிரதேசத்தில் இருக்கும் ரெசலூட்டிலிருந்து கிரீஸ் ஃபியோர்டுக்கு வான்வழியில் ஏறத்தாழ 384 கிலோமீட்டர். ட்வின் ஆட்டர் என்னும் சின்ன விமானத்தில் போனால் சாதாரணமாக ஒன்றரை மணி நேரம், பின்காற்று தள்ளிவிட்டால் ஒன்றே கால் மணி நேரம், எதிர்காற்று அடித்தால் இரண்டு மணி நேரத்தை நெருங்கும். சாலை கிடையாது, ரயில் கிடையாது, பயணிகள் கப்பலும் கிடையாது.

இந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு பயணத்தைத் திட்டமிட்டால் கண்டிப்பாக ஏமாந்துபோவீர்கள். இணையத்தில் இரண்டு ஊர்ப் பெயரைத் தட்டினால் தூரமும் நேரமும் சொல்லும் கணிப்பான்கள் பல இருக்கின்றன. அவற்றில் பல, எந்த ஊராக இருந்தாலும் பெரிய ஜெட் விமானத்தின் வேகத்தையே, அதாவது மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல், போட்டு வகுத்துவிடும். அந்தக் கணக்குப்படி இந்தப் பயணம் அரை மணி நேரம்தான். ஆனால் கிரீஸ் ஃபியோர்டில் எந்த ஜெட்டும் இறங்க முடியாது! அதனால்தான் ஒவ்வொரு படியாக நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்கிறேன். பள்ளிக்கூடத்துக் கணக்கு போதும், ஒரு கால்குலேட்டர் இருந்தால் போதும். இங்கே சொல்லும் முறை வடக்கே இருக்கும் எந்த இரண்டு ஊருக்கும் பொருந்தும், எண்களை மாற்றிக்கொண்டால் சரி.

முதலில் ஊர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

ரெசலூட் கார்ன்வாலிஸ் தீவின் தென்கரையில் இருக்கிறது. அங்கே வாழும் பூர்வகுடிகளான இனுயிட் மக்கள் அதைக் கௌசுயிட்டுக் என்பார்கள், விடியாத இடம் என்று பொருள். கிரீஸ் ஃபியோர்டு எல்ஸ்மியர் தீவின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது, அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஔயுயிட்டுக், உருகாத இடம். 2021 கணக்கெடுப்பில் ரெசலூட்டில் 183 பேர், கிரீஸ் ஃபியோர்டில் 144 பேர். கனடாவில் பொதுமக்கள் குடியிருக்கும் ஊர்களில் மிக வடக்கே இருப்பது கிரீஸ் ஃபியோர்டுதான், ரெசலூட் அதற்கு அடுத்தது. பெயரைப் பார்த்து ஐரோப்பாவின் கிரீஸ் நாட்டோடு சேர்த்துவிட வேண்டாம். நார்வே நாட்டுப் பயணி ஓட்டோ ஸ்வெர்ட்ரப் 1898 முதல் 1902 வரை இந்தப் பக்கம் சுற்றியபோது, கடற்பசுவைப் போலப் பெரிதாக, நீண்ட தந்தங்களோடு இருக்கும் வால்ரஸ் விலங்குகள் எழுப்பிய சத்தம் பன்றி உறுமுவது போலக் கேட்டதாம். அதனால் தன் மொழியில் பன்றிக் கழிமுகம் என்று பெயர் வைத்துவிட்டார்.

முதல் படி: எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு?

ஊர் என்றால் எந்த இடம் என்று முடிவு செய்யாமல் தூரம் அளக்க முடியாது. ரெசலூட் விமான நிலையம் ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கிரீஸ் ஃபியோர்டிலோ ஓடுபாதை வீடுகளை ஒட்டியே இருக்கிறது. பறக்கும் நேரம் வேண்டும் என்றால் ஊரின் நடுப்புள்ளியை எடுக்காதீர்கள், விமான நிலையத்தின் புள்ளியை எடுங்கள்.

ரெசலூட் விமான நிலையம்: வடக்கு 74.717 பாகை, மேற்கு 94.969 பாகை. கிரீஸ் ஃபியோர்டு: வடக்கு 76.426 பாகை, மேற்கு 82.909 பாகை. இந்த நான்கு எண்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வரைக்கும் தேவைப்படும். பாகை, கலை, விகலை (டிகிரி, மினிட், செகண்ட்) என்று எழுதிய எண் கிடைத்தால் கலையை 60ஆலும் விகலையை 3600ஆலும் வகுத்துப் பாகையோடு கூட்டுங்கள். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். 74 பாகை 43 கலை என்பதை 74.43 என்று எழுதிவிடுவார்கள், அது உண்மையில் 74.717. அந்த ஒரு தவறே புள்ளியை 30 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிவிடும்.

இரண்டாம் படி: தூரத்தைக் கையால் கணக்கிடுவது

வடக்கு தெற்காக ஒரு பாகை நகர்ந்தால், பூமியில் எங்கே நின்றாலும் ஏறத்தாழ 111.2 கிலோமீட்டர். நம் இரண்டு புள்ளிகளுக்கும் அட்சரேகை வித்தியாசம் 1.709 பாகை. 111.2ஆல் பெருக்கினால் 190 கிலோமீட்டர். இதில் சிக்கல் ஒன்றும் இல்லை.

கிழக்கு மேற்காக நகர்வதுதான் வேறு கதை. தீர்க்கரேகைகள் எல்லாம் வட துருவத்தில் போய் ஒன்றாகச் சேர்வதால், வடக்கே போகப் போக அவற்றுக்கு நடுவே இருக்கும் இடைவெளி சுருங்கிக்கொண்டே வரும். நிலநடுக்கோட்டில் ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் இருக்கும், 60ஆவது பாகையில் சரியாக அதில் பாதி, நம் ஊர்கள் இருக்கும் இடத்தில் கால்வாசிதான். எவ்வளவு சுருங்கும் என்பதை அட்சரேகையின் கொசைன் மதிப்பு சொல்லும். இரண்டு ஊருக்கும் நடுவான அட்சரேகை 75.57. அதன் கொசைன் 0.249. எனவே அங்கே தீர்க்கரேகையில் ஒரு பாகை என்பது 27.7 கிலோமீட்டர்தான். தீர்க்கரேகை வித்தியாசம் 12.06 பாகை, பெருக்கினால் 334 கிலோமீட்டர்.

இப்போது கையில் ஒரு செங்கோண முக்கோணம் இருக்கிறது: வடக்கே 190, கிழக்கே 334. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 384 கிலோமீட்டர். அவ்வளவுதான்.

உருண்டையான பூமியைத் தட்டையாக வைத்துக் கணக்குப் போட்டால் தப்பு வராதா என்று கேட்பீர்கள். வரும், ஆனால் இந்தத் தூரத்துக்கு மிகக் கொஞ்சம். கோளத்துக்கே உரிய ஹேவர்சைன் சூத்திரத்தில் இதே எண்களைப் போட்டுப் பார்த்தேன், 383.4 வந்தது. ஒரு கிலோமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. பூமி துருவத்தில் கொஞ்சம் தட்டையாக இருப்பதையும் சேர்த்தால் 385ஐ ஒட்டி வரும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரத்துக்கோ துருவத்துக்கு மிக அருகிலோ முக்கோண வழி கைகொடுக்காது, அங்கே ஹேவர்சைனைத்தான் பயன்படுத்த வேண்டும்.

கொசைனால் பெருக்க மறந்தால் என்ன ஆகும் தெரியுமா? 12.06 பாகையை அப்படியே 111ஆல் பெருக்கினால் 1,340 கிலோமீட்டர்! வரைபடத்தைப் பார்த்துக் கண்ணால் மதிப்பிடுபவர்கள் இதே தவறைத்தான் தெரியாமல் செய்கிறார்கள். நம் கைப்பேசியில் இருக்கும் வரைபடங்கள் பெரும்பாலும் மெர்கேட்டர் முறையில் வரையப்பட்டவை, அதில் 75ஆவது பாகையில் இருப்பதெல்லாம் நிலநடுக்கோட்டில் இருப்பதைவிட நான்கு மடங்கு நீண்டு தெரியும். எல்ஸ்மியர் தீவு அதில் ஒரு கண்டம் மாதிரி விரிந்து கிடக்கும். வரைபடத்தின் ஓரத்தில் இருக்கும் அளவுகோலை நம்பினால், அது எந்த அட்சரேகைக்கு உரியது என்பதையும் பாருங்கள். கோள உருவத்தில் சுழற்றிப் பார்க்கும் வசதி இருந்தால் அதில் பார்ப்பதே நல்லது.

விமானிகள் கிலோமீட்டரில் பேச மாட்டார்கள், கடல் மைலில் பேசுவார்கள். 1.852ஆல் வகுத்தால் 207 கடல் மைல். அடுத்த கணக்குகளுக்கு இந்த 207தான் நமக்கு வேண்டும்.

மூன்றாம் படி: எந்தத் திசை?

தூரம் மட்டும் வேண்டும் என்பவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம். ஆனால் வடக்கே பறப்பது ஏன் வேறு மாதிரி என்று புரிய வேண்டுமானால் இதைப் படிக்காமல் விடக் கூடாது.

ரெசலூட்டிலிருந்து புறப்படும்போது கிரீஸ் ஃபியோர்டு வடக்கிலிருந்து கிழக்காக 55 பாகையில் இருக்கிறது, அதாவது வடகிழக்கு. நேர்கோட்டிலேயே, எங்கும் திரும்பாமல் பறந்து போய்ச் சேரும்போது அதே கோடு 66 பாகையைக் காட்டும். விமானம் திரும்பவில்லை, வடக்கு என்கிற திசைதான் நமக்குக் கீழே திரும்பியிருக்கிறது. ஒவ்வொரு தீர்க்கரேகையும் வேறு வேறு கோணத்தில் துருவத்தை நோக்கிப் போவதால் 384 கிலோமீட்டருக்குள் 11 பாகைக்கு மேல் மாறிவிடுகிறது. எவ்வளவு மாறும் என்று சட்டென்று தெரிந்துகொள்ள, தீர்க்கரேகை வித்தியாசத்தை நடு அட்சரேகையின் சைன் மதிப்பால் பெருக்குங்கள்: 12.06ஐ 0.968ஆல் பெருக்கினால் 11.7.

சரி, காந்தத் திசைகாட்டியைப் பார்த்துப் போகலாமே என்றால், அது அங்கே உதவாது. பூமியின் காந்த வட துருவம் இந்தத் தீவுக்கூட்டத்தின் வழியாகவே நகர்ந்து போயிருக்கிறது. 1831இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் அதை பூத்தியா தீபகற்பத்தில் கண்டுபிடித்தார். 1970களில் அது ரெசலூட்டுக்குப் பக்கத்துத் தீவான பாதர்ஸ்டில் இருந்தது. இப்போது சைபீரியாவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. துருவத்துக்கு அருகில் காந்த விசை கீழ்நோக்கியே இழுப்பதால் முள் சோம்பலாக எங்கேயாவது நிற்கும், ஊருக்கு ஊர் வேறு திசையைக் காட்டும். அதனால்தான் கனடா தன் வட வான்பரப்பில் காந்த வடக்கை விட்டுவிட்டு உண்மை வடக்கை வைத்தே திசை சொல்கிறது, ஓடுபாதைகளுக்கு எண் கொடுப்பதும் உண்மை வடக்கை வைத்துத்தான். முன்பு சூரியன் இருக்கும் இடத்தைக் கருவியால் பார்த்துத் திசையைச் சரிசெய்துகொண்டே பறந்தார்கள், இப்போது ஜிபிஎஸ் இருக்கிறது.

திசையில் வரும் சின்னப் பிழை எவ்வளவு பெரிய விலை கேட்கும் என்பதற்கு ரெசலூட்டிலேயே ஒரு சம்பவம் உண்டு. 2011 ஆகஸ்ட் 20 அன்று யெல்லோநைஃபிலிருந்து வந்த போயிங் 737 விமானம் ஒன்று மேகமூட்டத்தில் இறங்கும்போது ஓடுபாதைக்குக் கிழக்கே இருந்த குன்றில் மோதியது. விமானத்தில் இருந்த 15 பேரில் 12 பேர் இறந்துபோனார்கள். திசையைக் காட்டும் கருவியில் இருந்த பிழையும் காரணங்களில் ஒன்று என்று விசாரணையில் தெரியவந்தது. அந்த ஊரில் ஓரிரண்டு பாகைதானே என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

நான்காம் படி: எந்த விமானம், என்ன வேகம்?

இந்த வழியில் பறப்பது டி ஹாவிலண்ட் கனடா நிறுவனம் வடிவமைத்த ட்வின் ஆட்டர். 1965இல் முதன்முதலாகப் பறந்த விமானம். 1988இல் தயாரிப்பை நிறுத்திவிட்டு, தேவை குறையாததால் 2010 வாக்கில் வேறொரு நிறுவனம் மறுபடியும் தயாரிக்கத் தொடங்கிய அதிசயம் அதற்கு உண்டு. இரண்டு டர்போபிராப் என்ஜின், அதிகபட்சம் 19 இருக்கை. வடக்கே ஓடும் விமானங்களில் பாதி இருக்கையைக் கழற்றிவிட்டுச் சரக்கு ஏற்றியிருப்பார்கள். கால்கரியைத் தலைமையிடமாகக் கொண்ட கென் போரெக் ஏர் நிறுவனம் பல ஆண்டுகளாக இங்கே இவற்றை ஓட்டி வந்திருக்கிறது.

ஏன் இந்த விமானம்? கிரீஸ் ஃபியோர்டின் ஓடுபாதையைப் பார்த்தால் புரியும். சரளைக்கல் பாதை, நீளம் சுமார் 500 மீட்டர்தான், பக்கத்திலேயே மலை செங்குத்தாக எழுந்து நிற்கிறது, மறுபக்கம் கடல். ரெசலூட்டின் ஓடுபாதையும் சரளைக்கல்தான் என்றாலும் அது ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளம், போயிங் 737 இறங்கும். அதில் கால்வாசி நீளத்தில் இறங்கி நிற்கவும் கிளம்பவும் கூடிய விமானங்கள் உலகத்தில் அதிகம் இல்லை.

ட்வின் ஆட்டர் வேகமாகப் போகாது. 150 நாட் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது மணிக்கு 150 கடல் மைல், 278 கிலோமீட்டர். 207ஐ 150ஆல் வகுத்தால் 1.38 மணி நேரம், 1 மணி 23 நிமிடம். காற்றே அடிக்காத நாளில் வானத்தில் இருக்கும் நேரம் இது. அப்படி ஒரு நாள் அங்கே அபூர்வம்.

ஐந்தாம் படி: காற்றைச் சேர்ப்பது

விமானத்தின் வேகம் காற்றுக்குள் இருக்கும் வேகம். தரைக்கு மேலே எவ்வளவு வேகம் என்பதைக் காற்றுதான் தீர்மானிக்கும். 30 நாட் எதிர்காற்று என்றால் தரைவேகம் 120, நேரம் 1 மணி 43 நிமிடம். அதே 30 நாட் பின்காற்று என்றால் தரைவேகம் 180, நேரம் 1 மணி 9 நிமிடம். ஒரே தூரம், ஒரே விமானம், 34 நிமிட வித்தியாசம். ஜெட்டில் 30 நாட் காற்றை நாம் கவனிக்கவே மாட்டோம், இதில் அது வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

போகும்போது எதிர்காற்று வந்தால் வரும்போது அதுவே பின்காற்றாகிவிடும், ஆகவே இரண்டும் சரியாகிவிடும் என்று நினைப்பது இயல்பு. சரியாகாது. போக 1 மணி 43 நிமிடமும் வர 1 மணி 9 நிமிடமும் கூட்டினால் 2 மணி 52 நிமிடம். காற்றில்லாத நாளில் போய்வர 2 மணி 46 நிமிடம்தான். எதிர்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொண்டிருப்பதால் அது பறித்துக்கொள்வதைப் பின்காற்று முழுதாகத் திருப்பித் தருவதில்லை. எந்தப் பக்கம் அடித்தாலும் மொத்தப் பயணம் நீளும். குறுக்கே அடிக்கும் காற்று அவ்வளவு கெடுதல் செய்யாது: 30 நாட் குறுக்குக் காற்றில் விமானம் மூக்கை 11 பாகைக்கு மேல் காற்றின் பக்கம் திருப்பிக்கொண்டு போகும், தரைவேகம் 147 ஆகும், இரண்டு நிமிடம்கூட இழக்க மாட்டோம். அது தொல்லை தருவது இறங்கும்போதுதான்.

ட்வின் ஆட்டரின் அறையில் காற்றழுத்தம் கூட்டும் வசதி கிடையாது, அதனால் பொதுவாக 3,000 மீட்டருக்குக் கீழேயே பறக்கும். ஜெட் மாதிரி மேகத்துக்கு மேலே ஏறித் தப்பித்துக்கொள்ள முடியாது. பாதை முழுவதும் இருக்கிற வானிலையின் நடுவேதான் போக வேண்டும்.

ஆறாம் படி: கதவு மூடியதிலிருந்து கதவு திறக்கும் வரை

அட்டவணையில் போட்டிருக்கும் நேரம் வானத்தில் இருக்கும் நேரம் அல்ல. என்ஜின் கிளம்பி, ஓடுபாதைக்குப் போய், மேலே ஏறி, கடைசியில் சுற்றி வந்து இறங்கி, நிற்கும் வரை எல்லாம் சேரும். இந்த மாதிரிச் சின்ன ஊர்களில் வரிசையில் காத்திருக்க வேண்டிய விமானம் இல்லை, அதனால் 10 நிமிடம் சேர்த்தால் போதும். கிரீஸ் ஃபியோர்டில் மலையை ஒட்டி எச்சரிக்கையாகச் சுற்றி இறங்க வேண்டியிருப்பதால் நான் இன்னும் இரண்டு நிமிடம் சேர்த்துக்கொள்வேன். 1 மணி 23 நிமிடத்தோடு 12 நிமிடம் சேர்ந்தால் 1 மணி 35 நிமிடம். இதுதான் நம் அடிப்படை எண்.

ஏழாம் படி: கடிகாரம்

ரெசலூட் மத்திய நேரத்தில் இருக்கிறது, கிரீஸ் ஃபியோர்டு கிழக்கு நேரத்தில். கிரீஸ் ஃபியோர்டின் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். ரெசலூட்டில் காலை 10 மணிக்குக் கிளம்பினால் பறப்பது 1 மணி 35 நிமிடம், ஆனால் இறங்கும்போது ஊர்க் கடிகாரத்தில் பகல் 12:35. திரும்பி மதியம் 1 மணிக்குக் கிளம்பினால் ரெசலூட் கடிகாரத்தில் 1:35க்கே வந்து நிற்பீர்கள். பயணச்சீட்டைப் பார்த்து, போகும்போது இரண்டரை மணி நேரம் ஆகிறதே, வரும்போது அரை மணி நேரம்தானா என்று குழம்ப வேண்டாம். இரண்டு ஊருமே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைப்பதால் இந்த வித்தியாசம் மாறாமல் இருக்கும்.

சூரியனை வைத்து நேரம் சொல்லலாம் என்று நினைக்காதீர்கள். ரெசலூட்டில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சூரியன் மறையாது, நவம்பர் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை எழாது. கிரீஸ் ஃபியோர்டு இன்னும் வடக்கே இருப்பதால் அங்கே இரண்டும் இன்னும் நீளம்.

எட்டாம் படி: எரிபொருள் போதுமா, எங்கே திரும்ப வேண்டும்?

விமானத்தில் பயணியாக மட்டும் போகிறவருக்கும் இது தெரிந்திருந்தால், ஏன் தன் பெட்டியை இறக்கிவிட்டார்கள் என்று கோபம் வராது. கிரீஸ் ஃபியோர்டு வரை போய், மேகம் மூடியிருந்தால் இறங்காமலேயே ரெசலூட்டுக்குத் திரும்பி வர வேண்டும். பக்கத்தில் வேறு ஊர் இல்லை. ஆகவே 384 கிலோமீட்டர் பயணத்துக்கு 768 கிலோமீட்டருக்கான எரிபொருளும் அதற்கு மேல் இருப்பும் ஏற்றுகிறார்கள். ட்வின் ஆட்டர் மணிக்கு 300 லிட்டருக்கு மேல் குடிக்கும். மூன்றே கால் மணி நேரத்துக்கு ஏற்றினால் ஆயிரம் லிட்டர், ஏறத்தாழ 800 கிலோ எடை. அந்த எடை ஆட்களிலிருந்தும் சரக்கிலிருந்தும்தான் குறையும்.

திரும்ப முடியாத புள்ளி என்று ஒன்று உண்டு, அதைக் கண்டுபிடிப்பதும் எளிது. இருப்பு போக எத்தனை மணி நேரம் பறக்க எரிபொருள் இருக்கிறதோ அதைத் திரும்பும் தரைவேகத்தால் பெருக்கி, போகும் வேகமும் திரும்பும் வேகமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 3 மணி நேர எரிபொருள், போக 120 நாட், வர 180 நாட் என்றால், 3ஐ 180ஆல் பெருக்கி 300ஆல் வகுத்தால் 1.8 மணி, அதாவது 1 மணி 48 நிமிடம் வரை முன்னேறிப் போகலாம். ஊரை அடைய 1 மணி 43 நிமிடம் ஆகும். அதாவது ஊருக்கு மேலே போய்ப் பார்த்துவிட்டு ஐந்து நிமிடத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். காற்று இன்னும் கொஞ்சம் பலமாக இருந்தால் அந்த ஐந்து நிமிடமும் இல்லை, பாதி வழியிலேயே வானிலைச் செய்தியைக் கேட்டு முடிவெடுக்க வேண்டியதுதான்.

ஒன்பதாம் படி: நாட்களைக் கணக்கில் சேர்ப்பது

பறக்கும் நேரத்தைவிட இதுதான் பெரிய எண். விமானம் தினமும் கிடையாது, வாரத்தில் சில நாட்கள்தான், அந்த நாளில் மூடுபனியோ பனிப்புயலோ இருந்தால் அடுத்த முறை வரும் வரை காத்திருக்க வேண்டும். கோடையில் கடல் உருகித் திறந்திருக்கும்போது மூடுபனி அதிகம், குளிர்காலத்தில் காற்றும் இருட்டும். இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் வானம் தெளிவாக இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். ரெசலூட்டில் வெயில் அடிக்கும்போது கிரீஸ் ஃபியோர்டின் மலையை மேகம் மூடியிருக்கும்.

தெற்கேயிருந்து வருகிறவர்கள் முழு வழியையும் கணக்கிடுங்கள். ஒட்டாவாவிலிருந்து நூனவுட்டின் தலைநகரான இக்காலுயிட் 2,100 கிலோமீட்டர், ஜெட்டில் மூன்று மணி நேரம். இக்காலுயிட்டிலிருந்து ரெசலூட் 1,575 கிலோமீட்டர், நடுவே வேறு ஊரில் இறங்கி ஏறுவதும் உண்டு. கடைசியில்தான் நம் 384. இந்த மூன்று கண்ணியும் ஒரே நாளில் சேர்ந்து வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். போக வர இரண்டு பக்கமும் குறைந்தது மூன்று நாட்களாவது கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள், ஒரு வாரம் வைத்தால் நிம்மதி. ரெசலூட்டில் தங்குமிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். மருந்து சாப்பிடுகிறவர் என்றால் கூடுதல் நாட்களுக்கான மருந்து கைப்பையில் இருக்க வேண்டும், சரக்கில் போடக் கூடாது, ஏனென்றால் எடை கூடினால் முதலில் இறக்கப்படுவது சரக்குதான். வருடத்துக்கு ஒருமுறை கோடைக் கடைசியில் வரும் சரக்குக் கப்பலில்தான் ஊருக்கு வேண்டிய கனமான பொருளெல்லாம் வரும், மற்றதெல்லாம் இந்தச் சின்ன விமானத்தில்.

ஜன்னல் ஓரம் உட்காருங்கள். கார்ன்வாலிஸ் தீவு, வெலிங்டன் கால்வாய், உலகத்திலேயே மனிதர் குடியில்லாத மிகப் பெரிய தீவான டெவன், அப்புறம் ஜோன்ஸ் நீரிணை, அதன் மறுகரையில் எல்ஸ்மியரின் மலைகள் என்று வரிசையாக வரும்.

இந்தத் தூரத்துக்கு இன்னொரு அளவு

இவ்வளவு கணக்கும் போட்ட பிறகு இதைச் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. 1953இல் கனடா அரசு, கியூபெக்கின் வடக்கே இருக்கும் இனுக்ஜுவாக்கிலிருந்து இனுயிட் குடும்பங்களைக் கப்பலில் ஏற்றி இரண்டாயிரம் கிலோமீட்டர் வடக்கே கொண்டுவந்தது. 1955இல் இன்னும் சில குடும்பங்கள் வந்தன. இந்தக் குளிரில் வாழப் பழகியவர்கள் அவர்களுக்குத் துணையாக இருக்கட்டும் என்று, பாஃபின் தீவின் வடக்கே இருக்கும் பாண்ட் இன்லெட்டிலிருந்தும் சில குடும்பங்களைச் சேர்த்தார்கள். எல்லோரும் ஒன்றாக இருப்போம் என்று நம்பித்தான் வந்தார்கள். கப்பலில் வந்த பிறகுதான் பிரிக்கப்படப் போகிறோம் என்று தெரிந்தது. ஒரு பகுதியினரை எல்ஸ்மியரிலும் மற்றவர்களை ரெசலூட்டிலும் இறக்கிவிட்டார்கள். உறவினர்களுக்கு நடுவே அன்றைக்கு விழுந்த இடைவெளிதான் நாம் அளந்த இந்தத் தூரம். அப்போது அவர்களுக்கு ஒன்றரை மணி நேர விமானம் கிடையாது. நாய் வண்டியில் உறைந்த கடலையும் டெவன் தீவையும் கடக்கப் பல நாட்கள் ஆகும், கடல் உருகிவிட்டால் அதுவும் இல்லை. 2010 ஆகஸ்டில்தான் அரசு மன்னிப்புக் கேட்டது.

அந்த ஆண்டில் இரண்டு ஊரிலும் நினைவுச் சிலைகள் நிறுவப்பட்டன. ரெசலூட்டில் தனியாக நிற்கும் ஓர் ஆண், கிரீஸ் ஃபியோர்டில் ஒரு பெண்ணும் சிறுவனும் ஒரு நாயும். செதுக்கியவர்கள் அந்த ஆணைக் கிரீஸ் ஃபியோர்டைப் பார்த்தபடியும், அந்தப் பெண்ணை ரெசலூட்டைப் பார்த்தபடியும் அமைத்தார்கள். போகிறவர்கள் அந்தச் சிலைகளின் பக்கத்தில் நின்று அதே பக்கம் பார்க்க விரும்பினால், ரெசலூட்டிலிருந்து 55 பாகை, கிரீஸ் ஃபியோர்டிலிருந்து 246 பாகை, இரண்டுமே உண்மை வடக்கிலிருந்து.